ஊருக்கெல்லாம் ஒரே அப்பன்

அத்தியாயம் 5

"இன்னாக்கா, ஆட்டுக்கு அப்பன் யாருன்னு தேடற அளவுக்கு வந்துட்சா நம்ம ஆபீஸு?"

மதுரைவீரன் இதை மெதுவாகத்தான் கேட்டான். ஆனால் அம்பத்தூர் ஓ.டி. பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, சைக்கிள் கடையின் மாடியில் இருந்த அந்த அறையில் மெதுவாகப் பேசினாலும் நாலு சுவருக்கும் கேட்கும். எதிரே உட்கார்ந்திருந்த பெண், அழுது முடித்த கண்களோடு நிமிர்ந்து பார்த்தாள். மதுரைவீரன் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"அவனைக் கண்டுக்காதேம்மா. வாயை வாடகைக்கு விட்டவன்," என்றாள் வரலட்சுமி.

துப்பறியும் வரலட்சுமி ஒரு காலத்தில் மின்சார ரயிலில் டிக்கெட் பரிசோதகர். ஆவடி லைனில் அவள் ஏறினாள் என்றால் வித்தவுட் பேர்வழிகள் ஓடும் ரயிலிலிருந்து குதிக்கலாமா என்று யோசிப்பார்கள். டிக்கெட் எடுக்காதவன் ஜன்னல் வழியாக வேடிக்கை பார்க்கமாட்டான் என்பது அவளுடைய பால பாடம். மதுரைவீரன் அம்பத்தூர் எஸ்டேட்டில், ஒரு தொழிற்சாலையில் லேத் ஓட்டிக்கொண்டிருந்தவன். கம்பெனிக்குப் பூட்டுப் போட்டதும் அக்காவின் எம்-80 மொபெட்டை ஓட்ட வந்து, அப்படியே உதவியாளனாக ஒட்டிக்கொண்டான்.

"முதல்லேருந்து சொல்லு," என்றாள் வரலட்சுமி. "இவனுக்கும் புரியற மாதிரி."

அந்தப் பெண் தாட்சாயிணி, பூந்தமல்லிக்காரி. அயப்பாக்கம் பக்கம் செங்கமலம் அறக்கட்டளையின் ஆட்டு ஆராய்ச்சி நிலையத்தில் டாக்டர் பட்டத்துக்காக உழைக்கிறாள். இந்த வட்டாரத்து வெள்ளாடுகளில் எத்தனை வம்சங்கள் கலந்திருக்கின்றன என்பது அவளுடைய கேள்வி. ஆவடியிலிருந்து வானகரம் வரை ஊர் ஊராகப் போய் ரத்தம் எடுத்து ஐதராபாத் சோதனைச்சாலைக்கு அனுப்பினாள். ரத்தத்தில் தாய் வழியாக வரும் அடையாளம் ஒன்று உண்டு. தகப்பன் தன் மகனுக்கு மட்டும் கொடுத்துவிட்டுப் போகும் அடையாளம் இன்னொன்று.

"தாய் வழியில பிரச்னையே இல்ல மேடம். கதம்பம் மாதிரி விதவிதமா வந்திருக்கு. கிடாங்க விஷயத்துலதான் மாட்டிக்கிட்டேன். ஆவடி கிடா, வானகரம் கிடா, குமணன்சாவடி கிடா, எல்லாத்துக்கும் ஒரே அடையாளம். அத்தனைக்கும் ஒரே அப்பன்."

"கில்லாடி அப்பனாக் கீறானே," என்றான் மதுரைவீரன். இந்தத் தடவை அவளுக்கே லேசாகச் சிரிப்பு வந்தது. வந்த வேகத்தில் போயும்விட்டது.

"டைரக்டர் பக்தவத்சலம் சார் நம்ப மாட்டேங்கறார். ஊர் ஊரா அலைய சோம்பல்பட்டு, ஒரே கிடாவோட ரத்தத்தை எல்லா சீசாலயும் ஊத்திட்டேன்னு சொல்றார். நாளைக் காலைல கமிட்டி. என்னை ஏமாத்துக்காரின்னு எழுதிட்டாங்கன்னா அப்புறம் எந்த காலேஜ் கதவும் திறக்காது மேடம். எங்கப்பா எஸ்டேட்ல வாட்ச்மேன். மக டாக்டராகப் போறான்னு தெரு பூரா சொல்லி வச்சிருக்கார். எந்த டாக்டர்னு கேட்டா, ஆட்டு ரத்தத்துக்கு டாக்டர்னு நெஞ்சை நிமித்திக்கிட்டு சொல்றார். யாரோ என் சீசாவை மாத்தியிருக்கணும். அது யாருன்னு கண்டுபிடிச்சுக் குடுங்க."

வரலட்சுமி ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். அவள் வெளியே பார்த்தால் உள்ளே ஏதோ ஓடுகிறது என்று அர்த்தம்.

"கிடா ரத்தம், பெட்டை ரத்தம் ரெண்டும் ஒரே பெட்டியிலதான் போச்சா?"

"ஒரே பெட்டிதான். கலந்துதான் அடுக்கியிருந்தேன்."

"அப்போ மாத்தினவன் கிடா சீசாவை மட்டும் பொறுக்கி எடுத்து மாத்திட்டு, பெட்டை சீசாவை ஏன் தொடாம விட்டான்? பிக்பாக்கெட் அடிக்கிறவனுக்கு ஆம்பளை பொம்பளை கணக்குக் கிடையாது, பர்ஸ்தான் கணக்கு. யாரும் எதையும் மாத்தல. உன் ரத்தம் சரியாத்தான் இருக்கு. கோளாறு இருந்தா ஆட்டுலதான் இருக்கும். எழுந்திரு, போய் ஆட்டையே விசாரிப்போம்."

"ஆடு வாயத் தொறந்தா நான் ரிசைன் பண்ணிடறேன்க்கா," என்று சாவியை எடுத்தான் மதுரைவீரன்.

*

அயனம்பாக்கம் வழியாக வானகரம் போய்ச் சேர்வதற்குள் லாரிகள் கிளப்பிய புழுதியில் மூவரும் ஒரே நிறமாகிவிட்டார்கள். முன்னால் எம்-80இல் மதுரைவீரனும் வரலட்சுமியும்; பின்னால் தன் டி.வி.எஸ். வண்டியில், ஊசியும் சீசாவும் வைத்த தெர்மோகோல் பெட்டியைக் காலுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு தாட்சாயிணி. முதல் கிடா ராஜம்மாவுடையது. முன்பெல்லாம் நாற்று நட்டவள், இப்போது பாட்டில் கம்பெனியில் பெருக்குகிறாள். கிடா வேப்பமரத்தடியில் நின்றிருந்தது. அது நிற்கும் இடம் கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே மூக்குக்குத் தெரிந்தது.

கிடாவின் கழுத்தில் மஞ்சள் கயிறு.

"இன்னாம்மா, உங்க கெடாவுக்குக் கல்யாணம் ஆயிட்சா?" என்றான் மதுரைவீரன்.

"அத்த ஏன் கேக்கற நைனா. எம் பேத்திக்கு மஞ்சக்காமாலை வந்தப்போ அம்மனுக்கு நேந்து உட்டது. கொயந்த பொயச்சிகினா. இது மட்டும் இன்னும் இங்கியே கீது. ஆத்தா உத்தரவு குடுக்க மாட்டேன்றா."

உத்தரவு என்பது வேறொன்றுமில்லை. வெட்டுவதற்கு முன் கிடாவின் மேல் மஞ்சள் தண்ணீர் தெளிப்பார்கள். அது உடம்பைச் சிலுப்பினால் அம்மன் சம்மதித்துவிட்டாள் என்று பொருள், கத்தி இறங்கும். சிலுப்பாவிட்டால் எவ்வளவு பெரிய பூசாரியானாலும் கத்தியைக் கீழே வைத்துவிட்டு அடுத்த ஆடி வரை காத்திருக்க வேண்டியதுதான்.

"தெளிச்சுப் பார்த்தீங்களா?"

"தெளிக்கிறதா? கொடம் கொடமா ஊத்துனோம் கண்ணு. ஆடாம அசையாம நிக்குது. பூசாரி கடுப்பாயி, சோப்பு இருந்தா எட்தாங்க, குளிப்பாட்டியாவது உடுவோம்னாரு."

வரலட்சுமி தாட்சாயிணியின் பக்கம் திரும்பினாள். "நீ ரத்தம் எடுத்த மத்த கிடாவுக்கெல்லாம் இந்த மஞ்சக் கயிறு இருந்துதா?"

"கவனிக்கல மேடம். நான் ஊசி குத்தற நரம்பைத்தான்..." என்று ஆரம்பித்தவள் சட்டென்று நின்றாள். அவள் கை தானாகவே கழுத்துப் பக்கம் போய், இல்லாத ஒரு கயிற்றை ஒதுக்கியது. "இருந்துது. எல்லாத்துக்கும் இருந்துது. கழுத்துலதான் ஊசி போடணும். ஒவ்வொரு தடவையும் கயிறைத் தள்ளிப் பிடிச்சுட்டுதான் குத்தினேன்."

"கண்ணு மறந்தாலும் கை மறக்காது," என்றாள் வரலட்சுமி. பிறகு ராஜம்மாவிடம், "இவனோட அப்பன் எந்த ஊரு?" என்று கேட்டாள்.

ராஜம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "அது பெரிய எடத்துக் கெடா. ஒரு ஆடிக்கு, பணக்கார வூட்டம்மா ஒண்ணு வெள்ள வேன்ல இட்டுகினு வந்துச்சு. நம்ம ஆத்தாவுக்குக் குடுக்கணும்னு. அதுவும் சிலுப்பல. திருவியா முடியற வரைக்கும் இங்கியே கட்டிகினு இருந்தாங்க. அதுக்குள்ள இவனப் பெத்த ஆட்டு கண்ணுல பட்டுட்சி. அந்தக் கெடா காதுல தோடுகூடப் போட்டுகினு இருந்துச்சு."

"தோடு போட்ட மாப்ளையா," என்றான் மதுரைவீரன். "அப்ப பொண்ணு ஊட்டுக்காரங்க ஏன் வேணாம்னு சொல்லப் போறாங்க."

*

குமணன்சாவடி முனையில் பெங்களூர் பஸ்களின் ஹாரனுக்கு நடுவே துலுக்கானத்தின் கறிக்கடை. வெள்ளிக்கிழமையாதலால் வியாபாரம் இல்லை. கடைக்குப் பின்னால் கட்டியிருந்த அவனுடைய சொந்தக் கிடாவுக்கும் மஞ்சள் கயிறு இருந்தது.

"கறிக்கடைக்காரர் வூட்டுலயே கெடா உசுரோட கீதா?" என்று கேட்டான் மதுரைவீரன்.

"இன்னா பண்றது அண்ணாத்தே. சாமி சொத்து. ஆத்தா வேணாம்னு சொல்லிகினே கீறா, நான் கத்திய வச்சா கை வெளங்குமா?"

"நேர்ந்து விடாத கிடா ஒண்ணுகூட இந்தப் பக்கம் இல்லியா?" என்று கேட்டாள் வரலட்சுமி.

"எப்டிக்கா இருக்கும்? முழுக்கெடா கறி வாட அடிக்கும், எவனும் வாங்க மாட்டான். அதனால குட்டியிலயே காயடிச்சிட்வோம். சாமிக்குத்தான் ஊனமில்லாத உருப்படி வோணும். அதுங்கள மட்டும் உட்டு வெப்போம்."

அவனும் வெள்ளை வேன் அம்மாவைப் பார்த்திருந்தான். வேறொரு ஆடியில் இங்கேயும் வந்தாளாம். கிடா இங்கேயும் கல்லாய் நின்றதாம்.

"தோடு எந்தக் காதுல?"

"எடது காதுல மட்டும்தான். காதுல ஓட்டை பெர்சுக்கா, என் சுண்டு வெரல் போவும். தோடு நிக்காம கயண்டுகினே இருந்துச்சு. அந்தம்மா நூலு போட்டுக் கட்டி வுட்டுச்சு."

எதிர்க் கடையில் டீ வந்தது. வரலட்சுமி பட்டர் பிஸ்கட்டை நனைத்தபடி ஏதோ கணக்குப் போட்டாள். பிஸ்கட் பாதி உடைந்து டம்ளருக்குள் விழுந்தது. அவள் கவனிக்கவில்லை.

"தாட்சாயிணி, நீ எந்த வயசுக் கிடாவா எடுத்தே?"

"பல் போட்டதா, நல்லா வளர்ந்ததா வேணும்னு கேட்டுக் கேட்டு எடுத்தேன்."

"அங்கதான் இருக்கு சூட்சுமம். குட்டியில பாதிக்கு மேல காயடிச்சாச்சு, அதுங்களுக்கு வம்சம் கிடையாது. மிச்சம் இருக்கறது சாமிக்கு விட்ட கிடா. அதுலயும் தண்ணி பட்டதும் சிலுப்பினவன், பல்லு போடறதுக்கு முன்னாடியே குழம்புக்குப் போயிட்டான். சிலுப்பாதவன் மட்டும் வருஷக்கணக்கா நின்னு ஊருக்கெல்லாம் அப்பன் ஆனான். இப்போ ஒரு கிடா, எவ்வளவு தெளிச்சாலும் சிலுப்பாத கிடா, ஆடிக்கு ஒரு ஊரா கோயில் கோயிலாப் போயிருக்கு. போன இடமெல்லாம் பிள்ளை. அதுங்கள்ல எவனெவனுக்கு அப்பன் குணம் வந்துதோ அவனவன் பிழைச்சான். உன் ஊசி குத்தினது அந்தப் பிழைச்சவங்களை மட்டும்தான்."

தாட்சாயிணி டம்ளரைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றாள். இரண்டு வருஷமாக மண்டையை உடைத்துக்கொண்ட விஷயம், டீக்கடை வாசலில் தன்னால் அவிழ்ந்துகொண்டிருந்தது. "பொறுக்கி எடுத்தது கத்தி," என்றாள் மெல்ல. "பெட்டையை யாரும் நேர்ந்து விடறதில்ல, வெட்டறதில்ல. அதனாலதான் தாய் வழி கதம்பமா இருக்கு. மேடம், இதை நான் இன்னும் ரெண்டு அத்தியாயம் எழுதலாம்."

"முதல்ல நாளைக்குக் கமிட்டியில பிழைக்கணும். வெறும் கதைன்னு சொல்லிடுவார் உங்க டைரக்டர். அந்தத் தோடு போட்ட கிடாவைக் கண்டுபிடிச்சு நிறுத்தியாகணும். ஆட்டுக்கு யாரு காது குத்துவாங்க?"

"தாய்மாமன்," என்றான் மதுரைவீரன்.

தாட்சாயிணி சிரிக்கவில்லை. அவள் முகம் வெளுத்திருந்தது. "எங்க பண்ணையில குத்துவோம். இடது காதுல. நம்பர் வில்லை மாட்டறதுக்கு."

"பண்ணை ஆட்டை வெளியே கொண்டுபோக யாரால முடியும்?"

"டைரக்டர் சாரால மட்டும்தான்." அவள் டம்ளரைக் கீழே வைத்தாள். "அவர் வீட்டுல ஒரு வெள்ளை மாருதி வேன் இருக்கு."

மதுரைவீரன் எம்-80ஐ உதைத்தான். "ஊருக்குள்ள பிள்ளையத் தேடிகினு, இடுப்புல வச்சிகினு கீறார்க்கா அந்தாளு."

*

பூந்தமல்லியிலிருந்து ஆவடி ரோட்டைப் பிடித்து, திருமுல்லைவாயிலில் அந்த வீட்டு வாசலுக்கு வந்தபோது சாப்பாட்டு வேளை நெருங்கிவிட்டது. கதவைத் திறந்தவள் லோகநாயகி, டைரக்டரின் மனைவி. வரலட்சுமி சுற்றி வளைக்கவில்லை.

"தோடு போட்ட கிடாவைப் பார்க்க வந்தோம்மா."

லோகநாயகியின் கை கதவிலேயே நின்றது. "அவருக்குத் தெரிஞ்சுபோச்சா?" என்றாள்.

கிடா கொல்லையில் இருந்தது. தாடி நரைத்து, முருங்கைக் கிளை ஒன்றை நிதானமாக உருவித் தின்றுகொண்டிருந்தது. கழுத்தில் மஞ்சள் கயிறு; இடது காதில் நூல் கட்டிய தோடு ஆடியது. வந்தவர்களை ஒரு தடவை பார்த்துவிட்டு, இவர்களும் சாப்பிட வந்தவர்கள்தானே என்பதுபோல் மறுபடி கிளைக்குத் திரும்பியது.

"தாயில்லாத குட்டின்னு அவர்தான் பண்ணையிலேருந்து கொண்டுவந்தார். நான் புட்டியில பால் குடுத்து வளர்த்தேன்," என்றாள் லோகநாயகி. "அந்த வருஷம் அவருக்கு மூளைக்காய்ச்சல். நினைவில்லாம கிடந்தார். டாக்டருங்க கையை விரிச்சுட்டாங்க. அவரை எழுப்பிக் குடு, இவனை உனக்குக் குடுக்கறேன்னு அம்மன்கிட்ட வேண்டிக்கிட்டேன். அவர் எழுந்துட்டார். இவன் சிலுப்பல. இந்த அம்மனுக்கு வேணாம்னா அந்த அம்மன்னு, அவர் மீட்டிங்குன்னு வெளியூர் போறப்போ எல்லாம் வேன்ல ஏத்திக்கிட்டு ஊர் ஊராப் போனேன். ஒரு ஆத்தாளும் வாங்கிக்கல. குடுத்த உயிரைத் திருப்பி எடுத்துக்கப் போறாளோன்னு ஒவ்வொரு ஆடியும் வயித்துல நெருப்பைக் கட்டிக்கிட்டு இருக்கேம்மா."

மதுரைவீரன் போய்க் கிடாவின் காதுத் தோட்டைச் சரியாகத் திருப்பிவிட்டான்.

அந்த நேரம் பார்த்து வாசலில் வேன் வந்து நின்றது. பக்தவத்சலம் கொல்லைக்கே வந்துவிட்டார். உயரமான மனிதர். தாட்சாயிணியைப் பார்த்ததும் புருவம் ஏறியது.

"வீட்டுக்கே வந்து கெஞ்சினா கமிட்டி மாறிடுமா?"

வரலட்சுமி அறிமுகம் செய்துகொண்டு, வானகரத்தில் ஆரம்பித்துக் குமணன்சாவடி வழியாக அவர் வீட்டுக் கொல்லை வரைக்கும் சொல்லி முடித்தாள். நடுவில் இரண்டு தடவை அவர் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது விஞ்ஞானமா, கோயில் பிரசாதமா?" என்றார் கடைசியில். "தண்ணி பட்டா உதறாத ஆடு உலகத்துல கிடையாது. நீங்க சொல்ற கோட்டை மொத்தமும் இந்த ஒரு கிடாமேலதான் நிக்குது. இது உதறிடுச்சுன்னா?"

"உதறிடுச்சுன்னா ஏமாத்தினேன்னு நானே எழுதிக் குடுத்துட்டுப் போயிடறேன் சார்," என்றாள் தாட்சாயிணி.

லோகநாயகி சொம்பில் மஞ்சள் தண்ணீரும் வேப்பிலைக் கொத்தும் கொண்டுவந்தாள். மதுரைவீரனுக்கு அப்போதுதான் உறைத்தது. இது சிலுப்பினால் டாக்டரம்மா கதை முடிந்தது. வேண்டுதல் வேண்டுதல்தான் என்று கிடாவின் கதையும் முடிந்தது. ஒரு சொட்டுத் தண்ணீரில் இரண்டு கழுத்து. ஆத்தா, உனக்குத் தேங்காய் உடைக்கிறேன், இன்னிக்கு ஒரு நாள் கம்முனு இரு என்று மனதுக்குள் வேண்டிக்கொண்டான்.

முதல் தெளிப்பு முதுகில் விழுந்தது. கிடா மென்றது. இரண்டாவது, நெற்றியில். தண்ணீர் மூக்கு வழியாகத் தாடிக்கு இறங்கிச் சொட்டியது. கிடா மென்றது.

"குடு இப்படி," என்று பக்தவத்சலம் சொம்பை வாங்கி, கை நிறைய அள்ளி அதன் காதிலேயே அடித்தார். தோடு ஆடியது. கிடா மெல்லுவதை நிறுத்தியது. தலையைத் தூக்கியது. தாட்சாயிணி கண்ணை மூடிக்கொண்டாள். கிடா அவரை நிதானமாக ஒரு பார்வை பார்த்து, நீளமாக ஓர் ஏப்பம் விட்டு, மறுபடி முருங்கையில் வாயை வைத்தது.

பக்தவத்சலம் சொம்பை மனைவியிடம் நீட்டிவிட்டுத் துவைக்கிற கல்லில் உட்கார்ந்தார்.

"சார், இவன் ரத்தத்தை நீங்களே எடுங்க, நீங்களே சீல் வைங்க," என்றாள் தாட்சாயிணி. "அதே அடையாளம்தான் வரும்."

"எடுக்கலாம். எங்கே கிடைச்சது இந்தக் கிடான்னு கமிட்டியில கேப்பாங்க. ஆடு ஆராய்ச்சி டைரக்டர் சம்சாரம், கிடாவுக்குத் தோடு மாட்டி வேன்ல ஏத்திக்கிட்டு அம்மன் அம்மனாப் போனாங்கன்னு நான் எந்திரிச்சு நின்னு சொல்லணுமா? என் மானம் என்ன ஆகறது?"

"நேத்து வரைக்கும் இந்தப் பொண்ணு மானம் போயிட்டிருந்துது," என்றாள் வரலட்சுமி. "இன்னிக்கு அது உங்க கைக்கு மாறியிருக்கு. அவ்வளவுதான் சார்."

லோகநாயகிக்குக் கமிட்டிப் பேச்சு எதுவும் காதில் விழவில்லை. அவள் தாட்சாயிணியின் கையைப் பிடித்துக்கொண்டாள். "அப்போ அம்மன் வேணாம்னு சொல்லலியா? இவனுக்குச் சிலுப்பவே வராதா?"

"வராதும்மா. பிறவிக் குணம். இவன் பிள்ளைங்க நிறைய பேருக்கும் அப்படித்தான்."

லோகநாயகி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாளா சிரிக்கிறாளா என்று மதுரைவீரனுக்குப் புரியவில்லை. இரண்டும்தான் என்று முந்தானை விலகியபோது தெரிந்தது.

"இத்தனை வருஷமாவா பயந்துட்டிருந்தே?" என்றார் பக்தவத்சலம். அவர் குரல் மாறியிருந்தது. "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

"சொன்னா சிரிப்பீங்க."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். சிரித்திருப்பார் என்பது அவருக்கே தெரியும். குனிந்த தலையைப் பார்த்ததும் லோகநாயகிக்கு இத்தனை ஆடிகளின் கோபமும் ஒன்றாகக் கிளம்பியது. வேப்பிலைக் கொத்தைச் சொம்புக்குள் முழுக்க முக்கி எடுத்து, அவர் வழுக்கைத் தலையில் சளீரென்று தெளித்தாள்.

டைரக்டர் உச்சியிலிருந்து தோள் வரைக்கும் உடம்பைச் சிலுப்பினார்.

மதுரைவீரன் இரண்டு கைகளையும் தலைக்கு மேலே கூப்பினான்.

"அம்மா, ஆத்தா உத்தரவு குடுத்துட்டா. நாளைக்குக் கமிட்டில சார் கழுத்த நீட்டிட வேண்டிதான்."

முதலில் சிரித்தது பக்தவத்சலம்தான். சிரித்து முடித்து, நனைந்த கண்ணாடியைச் சட்டை நுனியில் துடைத்துப் போட்டுக்கொண்டு, கிடாவின் பக்கத்தில் போய் மண்டியிட்டார்.

"தாட்சாயிணி, பெட்டியில ஊசி இருக்கு இல்ல? எடு," என்றார். "நீ கயிறைத் தள்ளிப் பிடி. நான் குத்தறேன்."